பிரசவ வலியைத் தூண்டும் மருந்துகள்: எது, எப்போது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி வரவைக்க என்னென்ன மருந்துகள் இருக்கின்றன?

நிறைமாதத்தில் அன்றாடம் பயன்படுபவை மூன்றுதான். முதலாவது ஆக்ஸிடோசின். இதை டிரிப்ஸில் கலந்து நரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இரண்டாவது டைனோபுரோஸ்டோன். கருப்பை வாய்க்குள் வைக்கும் ஜெல்லாகவும், பிறப்புறுப்பின் உட்புறம் வைக்கும் நூல் கட்டிய சிறு பட்டையாகவும் கிடைக்கிறது. மூன்றாவது மிசோபுரோஸ்டால் மாத்திரை. இதை விழுங்கவும் கொடுப்பார்கள், கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பின் உள்ளேயும் வைப்பார்கள். பின்னால் சொன்ன இரண்டும், கருப்பை வாயை மென்மையாக்கி வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வீட்டில் பேசும்போது இவை எல்லாவற்றையும் ‘வலி ஊசி’ அல்லது ‘வலிக்கு மருந்து வச்சாங்க’ என்று ஒரே கணக்கில் சொல்லிவிடுகிறோம். உங்களுக்குத் தருவது எந்த மருந்து என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தே மாறும்.

மூன்றில் எது நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் இந்த வடிவத்தில் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. மருத்துவர் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை: கருப்பை வாய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கருப்பையில் ஏற்கெனவே தையல் போட்ட தழும்பு இருக்கிறதா. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தாலே தேர்வு பாதி முடிந்துவிடும்.

மூன்றாவதாக நான் ஒன்றைச் சேர்ப்பேன். கொடுத்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் திரும்பப் பெற முடியும்? இந்த மருந்துகளை ஒப்பிடும்போது ‘எது வேகமாக வேலை செய்யும்’ என்றே எல்லாரும் கேட்கிறார்கள். வலி அளவுக்கு மீறிப்போனால் எதை உடனே நிறுத்த முடியும் என்பதும் அதே அளவு முக்கியம். ஆக்ஸிடோசினை நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். டைனோபுரோஸ்டோன் பட்டையை நூலைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். ஜெல்லை அப்படி முழுதாக எடுக்க முடியாது. விழுங்கிய மிசோபுரோஸ்டாலைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அதன் வேகம் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அளவு, இடைவெளி, கண்காணிப்பு என்று கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன.

கருப்பை வாய் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

உள்பரிசோதனை செய்து, பிஷப் மதிப்பெண் போடுவார்கள். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் வெளியிட்ட முறை இது. வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியாக இருக்கிறதா மென்மையாகிவிட்டதா, முன்பக்கமாக வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண். மொத்தம் 13. ஆறு அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாய் இன்னும் பக்குவப்படவில்லை என்று பெரும்பாலான இடங்களில் கொள்கிறார்கள். எட்டுக்கு மேல் போனால், தானாக வலி வந்தவருக்கு இருக்கும் அளவே இவருக்கும் சுகப்பிரசவ வாய்ப்பு உண்டு.

பிஷப் இந்தக் கணக்கைப் போட்டது ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்களை வைத்து. தலைப்பிரசவத்துக்கும் இன்று அதையே பயன்படுத்துகிறோம். அதனால் மதிப்பெண் குறைவு என்று சொன்னால் மனம் உடைந்துபோக வேண்டாம். மருந்து எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும்தான் அது காட்டுகிறது.

வாய் பக்குவப்படாமல் இருந்தால் முதலில் புரோஸ்டாகிளாண்டின் அல்லது வாயை உள்ளிருந்து அழுத்தித் திறக்கும் பலூன் (கீழே வருகிறது). பக்குவமாகிவிட்டால் பனிக்குடத்தை உடைத்துவிட்டு நேராக ஆக்ஸிடோசின். பொதுவாக நடக்கும் வரிசை இது.

ஆக்ஸிடோசின் எப்படி வேலை செய்கிறது?

நம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடுகிற அதே ஹார்மோன்தான். அந்தச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று ஹென்றி டேல் 1906-ல் பதிவு செய்தார். 1953-ல் வின்சென்ட் டூ விக்னோ இதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் வேலை கருப்பைத் தசையைச் சுருங்க வைப்பது. கருப்பை வாயை மென்மையாக்குவதில் இது கெட்டிக்கார மருந்து அல்ல. வாய் கெட்டியாக மூடியிருக்கும்போது ஆக்ஸிடோசினை மட்டும் மணிக்கணக்கில் ஏற்றினால், வலி வரும், வாய் திறக்காது. ‘நாள் முழுக்க டிரிப்ஸ் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்களில் சிலரின் கதை இதுதான். நிறைமாதம் நெருங்க நெருங்க, இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கருப்பையில் பெருகிக்கொண்டே போகும். அதனால் ஒரே அளவு ஒருவருக்குப் போதாமல் இருக்கும், இன்னொருவருக்கு அதிகமாகிவிடும்.

ஆகவே சிறிதாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவார்கள். குறைந்த அளவு முறையில் நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லியூனிட் வரை ஆரம்பித்து, சுமார் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். பத்து நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து வலி வந்துவிட்டால் கூட்டுவதை நிறுத்திவிடலாம். சொட்டு எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் முடிந்தவரை பம்ப் கருவியில் வைத்துத் தருவார்கள். அளவை அதிகமாக்கி, உப்பில்லாத திரவத்தையும் நிறைய ஏற்றினால் உடலில் நீர் தேங்கிச் சோடியம் குறைந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குழந்தை பிறந்த உடனே இரத்தப்போக்கைத் தடுக்கத் தசையில் ஓர் ஊசி போடுவார்கள். அதுவும் ஆக்ஸிடோசின்தான், 10 யூனிட். பிறந்த பிறகு அது உயிர்காக்கும் ஊசி. அதே ஊசியைக் குழந்தை பிறக்கும் முன் தசையில் போட்டால் பெரும் ஆபத்து, ஏனென்றால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது. வலி வரவைக்க ஆக்ஸிடோசின் என்றால் நரம்பு வழி டிரிப்ஸ் மட்டுமே.

ஜெல்லுக்கும் பட்டைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் இருப்பது டைனோபுரோஸ்டோன், அதாவது புரோஸ்டாகிளாண்டின் இ2. இது கருப்பை வாயின் இறுகிய நார்களைத் தளர்த்தி மென்மையாக்கும். கூடவே வலியையும் கிளப்பும்.

கருப்பை வாய்க்குள் வைக்கும் ஜெல் ஒரு சிரிஞ்சில் 0.5 மில்லிகிராம் வரும். தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். 24 மணி நேரத்தில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பட்டையில் 10 மில்லிகிராம் இருக்கும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் மணிக்குச் சுமார் 0.3 மில்லிகிராம்தான் அதிலிருந்து கசியும். வலி நன்றாகப் பிடித்துவிட்டாலோ, குழந்தையின் துடிப்பில் மாற்றம் தெரிந்தாலோ நூலை இழுத்து எடுத்துவிடுவார்கள்.

எனக்குக் கேட்டால், வசதி இருக்கும் இடத்தில் ஜெல்லைவிடப் பட்டைக்கே என் ஓட்டு, அந்த நூல் ஒன்றுக்காகவே. இரண்டுக்கும் பொதுவான குறை விலையும் குளிர்பதனமும். ஜெல்லைக் குளிர்சாதனப் பெட்டியிலும், பட்டையை உறைநிலைப் பெட்டியிலும் வைத்திருக்க வேண்டும்.

மிசோபுரோஸ்டால் வயிற்றுப்புண் மாத்திரை என்கிறார்களே, அதை ஏன் கர்ப்பிணிக்குத் தருகிறார்கள்?

உண்மைதான், வயிற்றுப்புண்ணுக்காகவே பிறந்த மாத்திரை. சர்ல் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. வலிநிவாரணிகளால் வரும் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதற்காக 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது புரோஸ்டாகிளாண்டின் இ1-ஐ ஒத்த செயற்கை மருந்து என்பதால் கருப்பையையும் சுருங்க வைக்கும். பிரசவ மருத்துவர்கள் சீக்கிரமே அதைக் கண்டுகொண்டார்கள். நிறுவனமோ அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கவில்லை. 2000-ல், கர்ப்பிணிகளுக்குத் தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. இணையத்தில் இன்றும் சுற்றிவரும் பயத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது.

மறுபக்கம் ஆய்வுகள் குவிந்துகொண்டே இருந்தன. 2005-ல் வலியைத் தூண்டுவதற்கான 25 மைக்ரோகிராம் மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காரணங்கள் எளிமையானவை: விலை மலிவு, குளிர்சாதனம் வேண்டாம், கருப்பை வாயைப் பக்குவப்படுத்தும், வலியையும் கொண்டுவரும்.

பயத்தின் மற்றொரு பகுதிக்கு நியாயம் உண்டு, அது அளவு பற்றியது. வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். பிரசவத்துக்கு வேண்டியது 25. எட்டில் ஒரு பங்கு! ஒரு சிறு மாத்திரையை எட்டாக வெட்டினால் எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் இப்போது 25 மைக்ரோகிராம் மாத்திரையாகவே தயாரிக்கிறார்கள். அது கிடைக்காத மருத்துவமனைகளில் 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் கலக்கி 25 மில்லிலிட்டர் அளந்து தருவார்கள். கத்தியைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த மாத்திரையை வீட்டில் நீங்களாக எடுக்கலாமா என்றால், கூடவே கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கவும், தேவைப்பட்டால் உடனே அறுவைசிகிச்சை செய்யவும் வசதி இருக்கும் இடத்தில் தரும்போதுதான் இது பாதுகாப்பான மருந்து.

விழுங்குவது நல்லதா, கீழே வைப்பது நல்லதா?

விழுங்கினால் சுமார் அரை மணியில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மணி நேரத்தில் பெரிதும் இறங்கிவிடும். கீழ்வழியாக வைத்தால் மெதுவாக ஏறி, நாலு மணி நேரம் போல நின்று வேலை செய்யும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வாய்வழியாக 25 மைக்ரோகிராமை இரண்டு மணிக்கு ஒருமுறையும், கீழ்வழியாக அதே அளவை ஆறு மணிக்கு ஒருமுறையும் பரிந்துரைக்கிறது.

2021-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது) குறைந்த அளவு வாய்வழி மிசோபுரோஸ்டாலை மற்ற முறைகளோடு ஒப்பிட்டது. டைனோபுரோஸ்டோனோடு பார்த்தால் சிசேரியன் குறைவு. கீழ்வழி மிசோபுரோஸ்டாலோடு பார்த்தால் கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் வலி மிகுந்து குழந்தையின் துடிப்பு பாதிக்கப்படுவது குறைவு. பத்து மணி நேரத்தில் முடிய வேண்டியது பதினான்கு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, குழந்தை நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் வாய்வழியின் பக்கம் சாய்வது இயல்பு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

போன முறை சிசேரியன். எனக்கு மருந்து வைக்கலாமா?

மிசோபுரோஸ்டால் வேண்டாம் என்பதில் வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. பயம், பழைய தழும்பு கிழிந்து கருப்பை வெடிப்பது. இதைப் பற்றி 2001-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 20,000 பெண்களுக்கு மேல் பார்த்தது. தானாக வலி வந்தவர்களில் 1000-க்குச் சுமார் 5 பேருக்கு வெடிப்பு. புரோஸ்டாகிளாண்டின் இல்லாமல் வலி தூண்டப்பட்டவர்களில் சுமார் 8. புரோஸ்டாகிளாண்டின் பெற்றவர்களில் சுமார் 25.

இதனால் தழும்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பலூன், அல்லது மிகக் கவனமாக ஆக்ஸிடோசின் என்று போவார்கள். தழும்பு எந்த மாதிரி என்பதும் முக்கியம். கருப்பையில் மேலிருந்து கீழாக வெட்டிய தழும்பு என்றால் வலி தூண்டும் பேச்சே இல்லை. கருப்பையில் நார்க்கட்டி அறுவைசிகிச்சை செய்திருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய அறுவைசிகிச்சைத் தாள்களைத் தேடி எடுத்துப்போவது இங்கே உண்மையிலேயே உதவும்.

பலூனும் மருந்தா?

இல்லை. ஃபோலி குழாயின் நுனியில் இருக்கும் பலூனைக் கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, நீர் நிரப்பி ஊதவைப்பார்கள். அது உள்ளிருந்து அழுத்தி வாயைத் திறக்கும். உடலில் சேரும் வேதிப்பொருள் எதுவும் இல்லாததால் வலி கட்டுமீறுவது குறைவு.

2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், இரத்த அழுத்தம் கூடிய 602 கர்ப்பிணிகளுக்குப் பாதிப் பேருக்குப் பலூனும் பாதிப் பேருக்கு வாய்வழி மிசோபுரோஸ்டாலும் தந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரையில் 57 சதவீதம், பலூனில் 47 சதவீதம். வேகத்தில் மாத்திரை முந்துகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தனியாகச் செய்வதைவிடச் சீக்கிரம் முடிவதாகவும் ஆய்வுகள் உண்டு.

ஜெல் வைத்துவிட்டு ஏன் டிரிப்ஸ் போடாமல் காக்கவைக்கிறார்கள்?

உங்களை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புரோஸ்டாகிளாண்டின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆக்ஸிடோசினையும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து கருப்பையை ஓய்வில்லாமல் சுருக்கிவிடும். ஜெல் என்றால் 6 முதல் 12 மணி நேரம் இடைவெளி. மிசோபுரோஸ்டால் என்றால் கடைசி அளவிலிருந்து குறைந்தது 4 மணி நேரம். பட்டையை எடுத்துவிட்டால் 30 நிமிடம் போதும்.

குழந்தைக்கு என்ன ஆபத்து?

ஒவ்வொரு வலியின்போதும் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் சற்றுக் குறையும். இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் சீராகும். அந்த ஓய்வு சுருங்கினால் துடிப்பு தடுமாறும். அரை மணி நேரச் சராசரியில் பத்து நிமிடத்துக்கு ஐந்து வலிக்கு மேல் வந்தால் அதை அளவுமீறிய சுருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். மூன்று மருந்துகளாலும் இது வரலாம்.

வந்தால் செய்வதும் தெளிவானது. ஆக்ஸிடோசினை நிறுத்துவார்கள், பட்டையை உருவுவார்கள், தாயை ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கருப்பையைத் தளர்த்த டெர்பூட்டலின் போன்ற ஊசி போடுவார்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பைப் பதிவு செய்வது தொந்தரவாகத்தான் இருக்கும், ஆனால் இந்தக் காரணத்துக்காகவே அது அங்கே இருக்கிறது.

மருந்து வைத்தால் கடைசியில் சிசேரியன்தான் என்கிறார்களே?

இதுவரை நான் கேட்டதிலேயே மிக உறுதியாகச் சொல்லப்படும் தவறான செய்தி இது. 2018-ல் வெளியான அரைவ் ஆய்வில், வேறு சிக்கல் இல்லாத தலைப்பிரசவப் பெண்கள் 6,000-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்தார்கள். 39-வது வாரத்திலேயே வலி தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன். காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். அதாவது தூண்டிய பக்கம் குறைவு.

இதை வைத்து எல்லாருக்கும் 39-ல் மருந்து வைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை வளர்ச்சிக் குறைவு, தேதி தாண்டியது என்று காரணத்தோடு மருந்து வைக்கப்படுபவர்களில் சிலருக்கு அந்தக் காரணமே சிசேரியனில் கொண்டுபோய் விடலாம். பழி மருந்தின் மேல் விழுகிறது.

எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது ‘தோல்வி’ என்பார்கள்?

வாய் பக்குவமான இரண்டாவது பிரசவம் சில மணி நேரத்தில் முடியலாம். வாய் மூடிய தலைப்பிரசவம் ஒரு நாளைத் தாண்டுவதும் சாதாரணம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து ஆக்ஸிடோசின் தொடங்கியதிலிருந்து குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பொறுத்துப் பார்த்த பிறகே தோல்வி என்று சொல்ல வேண்டும் என்பது இப்போதைய பார்வை. ஜெல் வைத்த முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்பது தோல்விக் கணக்கில் சேராது.

பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி வரவில்லை. இப்போது எது?

பெரும்பாலும் ஆக்ஸிடோசின். கருப்பை வாய் பக்குவப்படாவிட்டால் வாய்வழி மிசோபுரோஸ்டாலும் தருவதுண்டு. நீர் போன பிறகு கிருமி மேலேறும் வாய்ப்பு கூடும் என்பதால் உள்பரிசோதனைகளைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஆஸ்துமா இருக்கிறது, சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. கண் அழுத்த நோய் இருந்தாலும் சொல்லுங்கள். டைனோபுரோஸ்டோன் தரும் முன் இவை இரண்டையும் விசாரிப்பார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு உண்மையில் ஆகாதது கார்போபுரோஸ்ட் என்ற வேறொரு புரோஸ்டாகிளாண்டின். அது பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்குக்குப் போடும் ஊசி. அந்த அவசரத்தில் யாரும் நின்று கேட்க நேரம் இருக்காது என்பதால் முன்பே சீட்டில் எழுத வைத்துவிடுவது நல்லது.

மருந்து வலி இயற்கை வலியைவிடக் கடுமையா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். தானாக வரும் வலி மெல்லத் தொடங்கிப் பழக நேரம் கொடுக்கும். டிரிப்ஸில் அந்த முன்னோட்டம் சுருங்கிவிடுகிறது. மூன்று மருந்துகளோடும் வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. வலி தவிர, புரோஸ்டாகிளாண்டினில் குமட்டல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரலாம். மிசோபுரோஸ்டாலில் உடல் நடுங்குவதும் உண்டு. பயந்துவிடாதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள்.

விளக்கெண்ணெய் குடித்தால் போதாதா?

வயிற்றுப்போக்கு நிச்சயம், பிரசவ வலி நிச்சயமில்லை. நீர்ச்சத்து இழந்து களைத்துப்போய்ப் பிரசவ அறைக்குள் போவதில் யாருக்கும் லாபமில்லை.

இந்த மருந்துகள் தாய்ப்பாலில் கலக்குமா?

ஆக்ஸிடோசின் நிமிடங்களில் கழிந்துவிடும். பாலில் ஏதேனும் இருந்தாலும் குழந்தையின் வயிற்றில் சிதைந்துபோகும். டைனோபுரோஸ்டோனும் மிசோபுரோஸ்டாலும்கூட உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாராளமாகப் பால் கொடுக்கத் தொடங்கலாம்.